போஸ்ட்கிரெஸில் பாஸ்வேர்ட் மாற்றுவது: ஒரு புகார்

போஸ்ட்கிரெஸ் எனக்குப் பிடித்த டேட்டாபேஸ். அதனாலேயே இந்த ஒரு விஷயத்தில் அதன் மேல் கோபம் அதிகம். ஒரு யூசரின் பாஸ்வேர்டை மாத்தணும்னா பெரும்பாலானவர்கள் அடிப்பது 'ஆல்டர் யூசர்' கமாண்ட். யூசர் பெயர், 'பாஸ்வேர்ட்' என்ற சொல், மேற்கோள் குறிக்குள் புதுக் கடவுச்சொல். ஒரே வரி, வேலை முடிஞ்சுது.

அந்த வரி எங்கெல்லாம் போய் உட்காருகிறது என்று பாருங்கள். பிஎஸ்க்யூஎல்லில் அடித்தால் உங்கள் ஹிஸ்டரி ஃபைலில் அப்படியே பதிவாகும். சர்வரில் எல்லாக் கட்டளைகளையும் லாக் செய்யச் சொல்லியிருந்தால் அங்கேயும் வரும். "அதை நான் ஆன் பண்ணலையே" என்பவர்களும் தப்ப முடியாது. பிழையில் முடியும் கட்டளையை முழுசாக லாகில் எழுதுவதுதான் போஸ்ட்கிரெஸின் இயல்பான அமைப்பு. யூசர் பெயரில் ஓர் எழுத்து தவறினால் போதும். 'அப்படி ஒரு ரோல் இல்லை' என்ற செய்திக்குக் கீழேயே உங்கள் கடவுச்சொல் பளிச்சென்று நிற்கும். அடுத்த தடவை பெயரைச் சரியா அடிச்சு, அதே கடவுச்சொல்லைத்தானே வைப்போம்?

இத்தனைக்கும் 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலேயே ஸ்க்ராம் முறை வந்துவிட்டது. 2021இல் 14ஆம் பதிப்பில் அதுவே இயல்புநிலை ஆனது. சேமிக்கும் இடத்தில் அவ்வளவு கவனம். மாற்றும் இடத்தில் இவ்வளவு அலட்சியம்.

மேனுவலுக்கு இது தெரியாமல் இல்லை. கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் போகும், லாகில் விழலாம் என்று குறிப்புப் பகுதியில் எச்சரிக்கிறது. பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்கோடு போட்டு 'பாஸ்வேர்ட்' என்று அடிக்கும் வழியையும் சொல்கிறது. அது திரையில் காட்டாமல் இரண்டு முறை கேட்டு, நம் பக்கமே ஹாஷ் செய்து அனுப்பும். சரியான வழி அதுதான். அதை ஏன் அடிக்குறிப்பு மாதிரி வைக்க வேண்டும்?

இலக்கணப் பிழை உள்ள வரியில் கடவுச்சொல் எது என்று சர்வருக்குத் தெரியாது என்பது நியாயமான வாதம். ஆனால் 'ரோல் இல்லை' என்று சொல்லும்போது அது வரியைப் பிரித்துப் படித்து முடித்துவிட்டது. அங்கே மறைக்கலாமே? மைஎஸ்க்யூஎல் இந்த மாதிரிக் கட்டளைகளை லாகில் எழுதும்போது கடவுச்சொல்லை மறைத்துத்தான் எழுதுகிறது. (அங்கே வேறு கூத்து: ஒரே பெயர், லோக்கல்ஹோஸ்டுக்கு ஒரு கணக்கு, மற்ற இடங்களுக்கு ஒரு கணக்கு. ஒன்றை மாற்றினால் இன்னொன்று பழையபடியே இருக்கும்.)

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. பத்து சர்வர்கள் ஒரே யூசர் பெயரில் இணைகின்றன என்று வையுங்கள். கடவுச்சொல்லை மாற்றிய நொடியிலிருந்து, புதியதைக் கொடுக்காத சர்வர்களால் புதிதாக இணைய முடியாது. 2019இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0.14 இதற்காகவே பழையது, புதியது இரண்டையும் கொஞ்ச காலம் ஏற்கும் வசதியைத் தந்தது. போஸ்ட்கிரெஸ் 17 வரை அது கிடையாது. இரண்டாவது ரோல் ஒன்றை உருவாக்கி மாற்றி மாற்றி ஓட்ட வேண்டியதுதான்.

ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களையோ இந்த மாற்றம் தொடவே தொடாது. வேலையை விட்டுப் போனவர் திறந்து வைத்த இணைப்பு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'யில் அதைத் தேடிப் பிடித்து, 'பிஜி டெர்மினேட் பேக்கெண்ட்' கொடுத்து வெட்டுவதும் நம்ம வேலைதான்.