நடைப்பிணங்கள் ஏன் நம்மைக் கவர்கின்றன?

அத்திப்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் மின்சார ரயில். மாலை நேரம். சன்னலுக்கு வெளியே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. எதிரே அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் திடீரென்று கேட்டான்: “சார், ‘மிருதன்’ படத்துல வர்ற மாதிரி நம்ம பக்கத்து ஃபாக்டரி கழிவிலேருந்து அப்படி ஒரு கிருமி கிளம்புமா?” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று அது. ஒரு திரைப்படம் அவன் மனத்தில் அச்சத்தை மட்டும் விட்டுச் செல்லவில்லை. ஓர் ஐயத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. அந்த ஐயத்தைத் தீர்க்க முயல்வதுடன், இத்தகைய படங்களை நாம் ஏன் விரும்பிப் பார்க்கிறோம், அவை எங்கே நம்மை ஏமாற்றுகின்றன என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பீப்பாயும் நாயும்

சக்தி சௌந்தர்ராஜன் இயக்கத்தில் ஜெயம் ரவி நடித்த ‘மிருதன்’ 2016 பிப்ரவரியில் வெளிவந்தது. மிருகம், மனிதன் என்னும் இரு சொற்களைப் பிணைத்துச் செய்த பெயர் இது. தமிழில் ‘ஜாம்பி’ வகைப் படங்களுக்கு இதுவே முன்னோடி. கதை உதகமண்டலத்தில் தொடங்குகிறது. சிந்திய இரசாயனக் கழிவை ஒரு நாய் குடிக்கிறது. நாய் மனிதனைக் கடிக்கிறது. கடிபட்டவன் மற்றவர்களைக் கடிக்கிறான். நோய் ஊர் முழுவதும் பரவுகிறது. நோயுற்றவர்கள் தண்ணீரைக் கண்டு அஞ்சுகிறார்கள். போக்குவரத்துக் காவலரான கதாநாயகன், மருந்து காண முயலும் மருத்துவர்களைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் செல்லப் போராடுகிறான். இறுதியில் அவனையும் நோய் விடவில்லை.

‘ஜாம்பி’ என்ற கற்பனை கரீபியன் தீவுப் பகுதியிலுள்ள ஹெய்ட்டி நாட்டின் நம்பிக்கைகளிலிருந்து வந்தது. அங்கே அது கடிக்கும் பிணம் அன்று. மந்திரவாதிக்கு அடிமையாகி, விருப்பும் வெறுப்பும் இன்றி உழைக்கும் உடல். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக வதைபட்ட மக்களின் அச்சம் அது. 1932இல் வந்த ‘வைட் ஜாம்பி’ என்ற அமெரிக்கப் படத்தில் இவ்வுடல்கள் சர்க்கரை ஆலையில் வேலை செய்கின்றன. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ தம் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தில் இறந்தவர்களையே எழுந்து நடக்கவைத்து, அவர்களை மனித மாமிசம் தின்பவர்களாகவும் மாற்றினார். விண்கலம் ஒன்று கொண்டுவந்த கதிரியக்கம் காரணமாக இருக்கலாம் என்று அப்படம் பேசியது. 2002இல் வந்த ‘28 டேஸ் லேட்டர்’ என்ற ஆங்கிலப் படம் ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிய வைரஸைக் காரணம் காட்டியது. நம் ‘மிருதன்’ இரசாயனப் பீப்பாயைக் காட்டியது.

இதில் ஒரு பாடம் உண்டு. அடிமைத்தனம், கதிரியக்கம், வைரஸ், கழிவு என்று எந்தக் காலத்தில் மக்கள் எதற்கு அஞ்சினார்களோ அதுவே அந்தக் காலத்து நடைப்பிணத்தின் பிறப்பிடமாகிறது.

இது நடக்குமா?

முதலில் மாணவனின் கேள்விக்கு வருவோம். வைரஸ் என்பது வெறும் நச்சுப்பொருள் அன்று. அதனுள் மரபுச் செய்தி அடங்கிய நீண்ட மூலக்கூறு ஒன்று இருக்கிறது. வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் வைரஸில் அச்செய்தி ஏறத்தாழ 12,000 எழுத்துகள் கொண்டது. அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துப் பெட்டி கவிழ்ந்து, சிதறிய எழுத்துகள் தாமே ஒரு நூலாகக் கோத்துக்கொள்ளுமா? அதுபோலவே, பீப்பாயில் கிடக்கும் இரசாயனம் புதிய வைரஸ் ஒன்றைப் படைத்துவிடாது. சில இரசாயனங்கள் உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கும், புற்றுநோயைத் தூண்டும். அது வேறு, தொற்றுநோய் வேறு.

அப்படியானால் தொழிற்சாலைக் கழிவுக்கு அஞ்ச வேண்டாமா? வேண்டும். ஆனால் வேறு விதமாக. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் தாங்காமல் மக்கள் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எவரும் மிருகமாக மாறவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அண்டை வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பி, ஓடினார்கள். உண்மையான இரசாயன விபத்து அப்படித்தான் இருக்கும். அதைத் தடுக்கத் தேவையானவை குழாய்ப் பரிசோதனை, எச்சரிக்கை மணி, கேள்வி கேட்கும் குடிமக்கள். படத்திலோ கதை ஓடத் தொடங்கியதும் பீப்பாய் பின்னுக்குப் போகிறது. துப்பாக்கி முன்னுக்கு வந்துவிடுகிறது.

மேனாட்டுப் படங்களில் பிணங்களே நடக்கின்றனவே, அது இயலுமா? தசை இயங்க ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு வேண்டும். அதை இடைவிடாமல் உண்டாக்கிக்கொண்டிருக்க இரத்த ஓட்டமும் ஆக்சிஜனும் வேண்டும். இறந்த உடலில் ஏ.டி.பி. தீர்ந்துபோவதால், சில மணி நேரத்தில் தசைகள் இறுகி உடல் விறைத்துவிடுகிறது. எனவே பிணம் நடக்க மறுப்பதற்குச் சாத்திரம் காரணமன்று. ஆற்றல் அழியாமை விதியே காரணம்!

குன்னூர் சொல்லாத கதை

ஆனால் ‘மிருதன்’ முழுதும் கற்பனை அன்று. நாய்க்கடி, நீருக்கு அச்சம், வெறி ஆகிய மூன்றும் வெறிநாய்க்கடி நோயின் அடையாளங்கள். அந்நோயாளி தண்ணீரை விழுங்க முயலும்போது தொண்டைத் தசைகள் வலியோடு சுருங்குகின்றன. அதனாலேயே நீரைக் கண்டதும் நடுங்குகிறார்.

கதை நிகழும் உதகையிலிருந்து சற்றுக் கீழே இறங்கினால் குன்னூர். அங்கே 1907இல் நிறுவப்பட்ட பாஸ்டர் நிலையம் இந்நோய்க்கான தடுப்பு மருந்துக்கெனவே தோன்றியது. கடிபட்டவர்கள் மலை ஏறி அங்கே சிகிச்சைக்குச் சென்ற காலம் உண்டு. திரையில் நோய் நொடிப்பொழுதில் மனிதனை மாற்றிவிடுகிறது. உண்மையிலோ இந்த வைரஸ் நரம்பு வழியே மெல்ல மூளையை நோக்கி ஊர்ந்து செல்கிறது. நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும். அந்த இடைவெளிதான் தடுப்பூசிக்குக் கிடைக்கும் வாய்ப்பு. 1885இல் லூயி பாஸ்டர் சிறுவன் ஒருவனுக்கு ஊசி போட்டபோது பயன்படுத்திக்கொண்டது அந்த வாய்ப்பைத்தான். மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்நோய் பரவுவதோ மிக மிக அரிது.

இரட்டிப்பின் மிரட்டல்

இப்படங்களின் வேகத்துக்கு அடியில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. நோயுற்ற ஒவ்வொருவரும் மணிக்கு ஒருவரைக் கடிப்பதாகக் கொள்வோம். ஒருவர் இருவராவார், இருவர் நால்வராவார்கள். 10 மணி நேரத்தில் 1,024 பேர். 20 மணி நேரத்தில் பத்து இலட்சத்துக்கும் மேல். 27ஆம் மணியில் எண்ணிக்கை 13 கோடியைத் தாண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் மக்கள்தொகை 7.21 கோடிதான்! சதுரங்கக் கட்டங்களில் நெல்மணி வைத்த பழங்கதை போன்றதே இதுவும்.

ஆனால் கடிபடாதவர் குறையக் குறைய, கடிப்பவருக்கு ஆள் கிடைக்காது, வேகம் தணியும். உண்மையான கொள்ளைநோய்களின் இந்தப் போக்கை 1927இல் கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்ற இருவர் சமன்பாடுகளாக எழுதினார்கள். 2015இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நால்வர் கற்பனை ஜாம்பி நோயையே எடுத்துக்கொண்டு, அது நாடெங்கும் எவ்வாறு பரவும் என்று கணித்து, ஓர் இயற்பியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். நெருக்கமான நகரங்கள் விரைவில் வீழும். மக்கள் அருகிய மலைப்பகுதிகள் நெடுநாள் தாக்குப்பிடிக்கும் என்று கண்டார்கள். விளையாட்டாகத் தோன்றினாலும் அதே கணிதந்தான் அம்மைக்கும் கொரோனாவுக்கும் பயன்படுகிறது.

பயத்தில் என்ன சுவை?

இனி, ஏன் பார்க்கிறோம் என்ற கேள்வி. நம் ஊர்ப் பேய்க்கு ஒரு கதை உண்டு. ‘சந்திரமுகி’யிலும் ‘காஞ்சனா’விலும் ஆவிக்கு ஒரு பெயர், ஓர் அநீதி, ஒரு வஞ்சம். பழி தீர்ந்தால் பேய் போய்விடும். நடைப்பிணத்துக்கோ பெயருமில்லை, பகையுமில்லை. வேப்பிலையும் திருநீறும் அதனிடம் செல்லா. நோயைப் போலவே நல்லவன் கெட்டவன் பாராமல் வருகிறது. இரக்கமற்ற இந்தச் சமத்துவமே அதன் புதுமை.

இருட்டரங்கில் நெஞ்சு படபடக்கிறது, அட்ரினலின் சுரக்கிறது. ஆயினும் நாற்காலி பத்திரமானது என்பதை மூளை அறியும். ஆபத்தில்லாமல் ஆபத்தைப் பழகிப்பார்க்கும் ஒத்திகை இது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், திகில் படங்களை விரும்புவோர் கொரோனாக் காலத்தில் மற்றவர்களைவிடக் குறைந்த மனத்துயரையே தெரிவித்தார்கள். உலக அழிவையும் ஜாம்பிகளையும் காட்டும் படங்களின் இரசிகர்கள் முன்னேற்பாட்டிலும் ஒருபடி மேலாக இருந்தார்கள். படமே அதற்குக் காரணமா, அன்றி அத்தகைய மனத்தினரே அப்படங்களை நாடுகிறார்களா என்பதை அந்த ஆய்வு மட்டும் கொண்டு முடிவுசெய்ய இயலாது. எனினும், இவை வெறும் குப்பை என்று ஒதுக்குவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஒத்திகையின் பிழை

எனக்கு இப்படங்களிடம் உள்ள மனக்குறை ஒன்றே. அவை நோயாளியை எதிரியாக்குகின்றன. திரையில் கடிபட்ட மறுநொடி ஒரு தாயோ ஆசிரியரோ மனிதராக இருப்பது முடிந்துவிடுகிறது. பிறகு சுடலாம், அரங்கம் கைதட்டும். ஒத்திகை அச்சத்துக்கு மட்டுமா நடக்கிறது? வெறுப்புக்கும் நடக்கிறது.

2020 ஏப்ரல் 19 இரவை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைச் சென்னை வேலங்காடு இடுகாட்டில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லும் கட்டையும் கொண்டு ஆம்புலன்சைத் தாக்கியது. ஊழியர்கள் காயமுற்றார்கள். பின்னர் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் ஊழியர்களுடன் நள்ளிரவில் தாமே மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். அடக்கத்தைத் தடுப்பதைக் குற்றமாக்கி அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அக்கூட்டம் அஞ்சியது எதற்கு? ஒரு பிணத்துக்கு. ஆனால் கொரோனா முதன்மையாக மூச்சுக்காற்றின் வழியே பரவுவது. இறந்தவர் மூச்சு விடுவதில்லை, இருமுவதில்லை. உரிய முறையில் மூடிப் புதைத்த உடல் மண்ணிலிருந்து எழுந்து வந்து எவரையும் தொற்றாது. நெருக்கியடித்துக்கொண்டு கூச்சலிட்ட அந்த உயிருள்ளவர்களிடமிருந்தே ஒருவருக்கொருவர் நோய் பரவும் வாய்ப்பு அதிகம். அவர்கள் ஜாம்பிப் படம் பார்த்துத்தான் அப்படிச் செய்தார்கள் என்று நான் கூறவில்லை. அந்தப் படங்களில் உலவும் பிழையான எண்ணமே அவ்விரவில் தெருவிலும் உலவியது என்கிறேன். சிந்தனையின்றிச் செயல்படும் உடலைத் தமிழில் நடைப்பிணம் என்போம். அன்று அச்சொல் யாருக்குப் பொருந்தியது?

ஆகவே, வாசகர்களே, இப்படங்களைப் பாருங்கள், பயந்து மகிழுங்கள். வீடு திரும்பும் வழியில் கழிவைக் கொட்டியவர் யார், கடிபட்டவருக்கு மருந்து என்ன என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயிலில் கேட்ட மாணவனுக்கு நான் சொன்ன விடையும் அதுவே. கூடவே இன்னொன்றும் சொன்னேன். படத்தில் நோயுற்றவர்களை விரட்டுவது தண்ணீர். வாழ்க்கையிலும் நாய் கடித்தால் முதல் மருந்து தண்ணீர்தான்: காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். “பதினஞ்சு நிமிஷமா சார்?” என்றான் வியப்புடன். ஆமாம், தம்பி, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவு.