தருமியின் புலம்பலும் கீரனின் தடையும்

ஏ. பி. நாகராஜன் இயக்கி 1965ஆம் ஆண்டில் வெளிவந்த ‘திருவிளையாடல்’ ஆடம்பரமான வண்ணப்படம். ஆயினும், அதில் இன்றுவரை மக்கள் நினைவில் ஊன்றி நிற்பது மிகச் சிக்கனமான ஒரு பகுதியே. கோயில் மண்டபத்துத் தூண்கள், இரண்டு மனிதர், அவர்தம் பேச்சு, இவ்வளவே. தருமியாக நாகேஷும் புலவர் வேடத்து இறைவனாகச் சிவாஜி கணேசனும் தோன்றும் அக்காட்சியைத் தனியே பிரித்தெடுப்பின் அது தானே ஒரு நகைச்சுவைக் குறும்படமாகும். பிரித்தானியாவில் ரிச்சர்ட் லெஸ்டர் 1959இல் பீட்டர் செல்லர்சுடன் கூடிச் சொற்பப் பொருட்செலவில் எடுத்த பதினொரு நிமிடப் படத்தை அறிந்தோர், நகைப்புக்கு மாளிகை வேண்டியதில்லை என்பதை உடன்படுவர்.

கதை பரஞ்சோதி முனிவர் புராணத்தின் 52ஆவது படலம். ஈழத்துச் சைவர்க்குப் புராணபடனத்தால் அது பழகியதே. புராணத்துத் தருமி மணம்புரிதற்குப் பொருள் வேண்டும் இளம் பிரமசாரி. படத்துத் தருமியோ பாட்டெழுத வராத ஏழைப் புலவன். இம்மாற்றம் சிறிதன்று. பொருள் வேண்டுவோன் இரக்கத்துக்கு உரியவன். புகழும் வேண்டுவோன் நகைப்புக்கும் உரியவனாகிறான். ஆயிரம் பொன் தனக்கில்லையே என்று அவன் புலம்பும்போது வறுமையின் குரலோடு, அது பிறன் கைக்குப் போய்விடுமே என்னும் வேதனையும் கலந்து ஒலிக்கின்றது. வள்ளுவர் அழுக்காறாமைக்கு ஒரு முழு அதிகாரம் வகுத்தார்; நாகேஷ் அதன் தொடக்க நிலையைத் தோளின் ஒரு குலுக்கலிற் காட்டிவிடுகிறார்.

அவையிலே பரிசு கைக்கு எட்டும் வேளையில் நக்கீரர் தடுக்கிறார். உடனே தருமி, பாட்டெழுதிப் பெயர் பெறுவோரும் உளர், குற்றங் கண்டே பெயர் பெறுவோரும் உளர் என்னும் கருத்துப்படக் குத்துகிறான். அரங்கு சிரிக்கிறது. ஆனால் இக்குத்து நேர்மையானதா? தருமி பாட்டைத் தான் எழுதவில்லை. அதன் பொருளையும் அவன் அறியான். குற்றத்துக்கு விடையில்லாதவன் குற்றங் கூறினோன் மனத்தை ஐயுறுகிறான். தோற்றவர் யாவரும் கைக்கொள்ளும் எளிய வழி அது. கல்லூரி நாடகப் போட்டிகளின் பின்னரும் கேட்கப்படுவதே.

நக்கீரரிடம் அழுக்காறு இல்லை என்பதற்குப் படமே சான்று. வந்தவர் இறைவன் என்று தெரிந்த பின்னும் அவர் பின்வாங்கவில்லை. பொறாமை கொண்டவன் வலியோன் முன் பணிந்துவிடுவான். புலவர்களிடைப் பூசலைப் புராணம் மறைக்கவுமில்லை; 55ஆம் படலத்திற் சங்கத்தார் தத்தம் பாடலே சிறந்ததென்று கலகமிட, ஊமைச் சிறுவன் ஒருவனே நடுவனாக வேண்டியிருந்தது. அந்தச் சங்கத்திலும் கீரனின் தடை தன்னலமற்றதாகவே சொல்லப்படுகிறது. எனினும் அவர் வாதத்தில் ஒரு குறையுண்டு. குறுந்தொகையில் இறையனார் பெயரால் நிற்கும் அப்பாட்டு, தலைவன் தும்பியை நோக்கிக் கூறும் காதல் மொழி. காதலன் கூற்றை இயற்கையறிவின் உரைகல்லில் உரைத்துப் பார்த்தது திறனாய்வின் பிழை, பொறாமையின் பிழையன்று.

நக்கீரர் வேடத்தை நாகராஜனே தாங்கினார். படம் எடுத்தவர், குற்றங் காண்பவரின் இருக்கையைப் பிறர்க்குக் கொடுக்கவில்லை. நகைப்பை நாகேஷுக்கும் வீறார்ந்த வாதத்தைச் சிவாஜிக்கும் விட்டுவிட்டு, அரங்கு எளிதில் விரும்பாத அந்த ஒருவனாகத் தாமே நின்றார்.