சூப்பர்மேன்: பிரதியும் பத்திரமும்

ஒரு பிரதிக்கு ஆயிரம் வாசிப்பு என்று நம்மாட்கள் உற்சாகமாகப் பேசும்போதெல்லாம் எனக்கு சூப்பர்மேன் ஞாபகம் வந்துவிடுகிறது. ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938இல் உலவவிட்ட சூப்பர்மேன் பெண்டாட்டியை அடிக்கிறவனைப் புரட்டி எடுக்கிறான். பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியை அவனுடைய விருந்தாளிகளோடு சேர்த்து அதே சுரங்கத்துக்குள் சிக்க வைக்கிறான். முதலாளிக்குப் புத்தி வருகிறது. போலீசின் ஒப்புதலுக்கெல்லாம் காத்திருக்கிற ஆளில்லை. 1986இல் ஃப்ராங்க் மில்லர் எழுதிய பேட்மேன் கதையில் இதே ஆள் அமெரிக்க ஜனாதிபதி ஏவியதைச் செய்யும் கையாள். 2003இல் மார்க் மில்லார் அவன் விண்கலத்தை உக்ரைனின் கூட்டுப்பண்ணையில் இறக்க, ஸ்டாலினின் வாரிசாகிவிடுகிறான். மூன்றுமே வலுவான வாசிப்புகள். (என் ஓட்டு சுரங்கத்துக்குத்தான்.)

ஆனால் இதைக் குறிகளின் விளையாட்டு என்று சொல்லிவிட்டு நகர்வதில் எனக்கு உடன்பாடில்லை. மனசுக்குள் எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம், யார் தடுத்தா? அச்சில் மறுவாசிப்பு செய்து விற்க உரிமையாளரின் அனுமதி வேணும். சோவியத் சூப்பர்மேனையும் வெளியிட்டது உரிமையைக் கையில் வைத்திருக்கும் டிசி கம்பெனியேதான். ஆசிரியனின் மரணத்தை ரோலன் பார்த் 1967இல்தான் அறிவித்தார். இந்த இருவரும் 1938லேயே 130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிறகு வழக்கு, சமரசம்; கதைகளிலிருந்து அவர்கள் பெயரே காணாமல் போனது. பத்திரிகைகளில் விஷயம் நாறிய பின், 1975இல்தான் ஓய்வூதியமும் ‘படைத்தவர்கள்’ என்ற வரியும் கிடைத்தன. அதற்குள் ஷூஸ்டருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது.