போர்ட்டும் கிளாரெட்டும்: நாக்கு மாறியதா, வரி மாறியதா?

எந்த நாட்டு ஒயினுக்கு எங்கே மவுசு என்று காட்டும் வரைபடங்கள் நிறையக் கிடைக்கின்றன. பிரான்சுக்கு ஒரு கோடு, ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கோடு, இத்தாலிக்கு ஒரு கோடு. ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். மேலே 'மாறிவரும் ரசனை' என்று தலைப்பு போட்டிருப்பார்கள். பயனர் தரவைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த மென்பொருள்காரன் நான். எனக்கு முதலில் இடிப்பது அந்தத் தலைப்புதான். ஒருவர் எதை வாங்கினார் என்பது பில்லில் இருக்கும். எதை விரும்பினார் என்பது பில்லில் இருக்காது.

இந்தச் சந்தேகத்தை இருநூறு வருட அளவுக்கு நீட்டிப் பார்க்கும் புத்தகம், பொருளாதார வரலாற்றாளர் ஜான் நை எழுதிய 'வார், ஒயின் அண்ட் டாக்சஸ்' (2007). சமீபத்தில் மறுபடி வாசித்தேன். பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன். ஒரு முக்கியமான இடத்தில் மட்டும் புத்தகம் போதாது என்று தோன்றுகிறது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் கதைச்சுருக்கம். 1152இல் அக்விடேனின் எலினோர், பிற்பாடு இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி ஆன இளவரசரை மணக்கிறார். போர்தோ பகுதி ஆங்கில மன்னர்கள் கைக்கு வருகிறது. 1453 வரை அது அவர்களிடம்தான் இருந்தது. அந்த முந்நூறு வருடத்தில் போர்தோ ஒயின் ஆங்கிலேயர்களுக்கு வீட்டுச் சரக்கு மாதிரி. பின்னாளில் அதற்குக் 'கிளாரெட்' என்று தனிப்பெயரே வைத்துக்கொண்டார்கள்.

பிறகு அரசியல் குறுக்கே வருகிறது. 1678இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் பிரெஞ்சுச் சரக்குகளுக்குத் தடை போட்டது. 1685இல் தடை விலகியது. 1689இல் போர் வந்ததும் மறுபடி தடை, அதற்குப் பிறகு கடுமையான வரி. 1703இல் மெத்துவன் ஒப்பந்தம்: போர்ச்சுகல் ஆங்கிலேயக் கம்பளித் துணியை உள்ளே விடும், பதிலுக்குப் போர்ச்சுகல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே சுங்கம். அடுத்த நூறு வருடம் இங்கிலாந்து குடித்தது பெரும்பாலும் போர்ட்.

இதில் நை கவனிக்கச் சொல்லும் நுட்பம் அருமை. வரி மதிப்பின் மேல் போடப்படவில்லை, அளவின் மேல் போடப்பட்டது. ஒரு பீப்பாய் என்றால் இத்தனை பணம், உள்ளே இருப்பது மட்டமோ உசத்தியோ கணக்கில்லை. யோசிச்சுப் பாருங்க, இதில் அடிபடுவது யார்? விலை குறைந்த பிரெஞ்சு ஒயின்தான். உசத்தி ஒயினின் விலையில் வரி ஒரு சிறு பகுதி. சாதா ஒயினுக்கோ வரியே விலையை மிஞ்சிவிடும். ஆக, சாதாரண ஆங்கிலேயருக்குப் பிரெஞ்சு ஒயின் என்றாலே பணக்காரர் சமாச்சாரம் ஆகிப்போனது. லாபம் பீர் ஆலைகளுக்கு. பீரின் மேல் கலால் வரி வசூலித்துப் போருக்குச் செலவழித்த அரசாங்கத்துக்கும் லாபம்.

இன்னொரு வேடிக்கை. 1817இல் டேவிட் ரிக்கார்டோ, நாடுகள் தத்தம் அனுகூலத்துக்கு ஏற்ப வணிகம் செய்வதை விளக்க எடுத்த உதாரணம் ஆங்கிலத் துணியும் போர்ச்சுகல் ஒயினும். சுதந்திர வணிகத்தின் பாடப்புத்தக உதாரணத்துக்கு அடியில் இருப்பது நூறு வருட வரிச் சலுகை!

எல்லோரும் இதை ஏற்கவில்லை. டக்ளஸ் இர்வின் 1993லேயே நையின் முந்தைய கட்டுரைக்கு மறுப்பு எழுதினார். தேயிலை, சர்க்கரை, ஒயின் எல்லாம் பிரிட்டனில் விளையாதவை. அவற்றின் மேல் வரி போட்டது கஜானாவுக்காக, உள்ளூர்த் தொழிலைக் காப்பதற்காக இல்லை என்பது அவர் வாதம். ஒயின் விஷயத்தில் நையின் பக்கம்தான் எனக்குக் கனமாகத் தெரிகிறது. திராட்சை விளையாவிட்டால் என்ன, பீர் ஆலை இருக்கிறதே. ஒன்றுக்கு ஒன்று மாற்று.

இனி என் குறைகள்.

முதல் குறை தரவைப் பற்றியது. 1678 தடைக்குப் பிறகு லண்டன் சுங்கப் பதிவேடுகளில் போர்ச்சுகல் ஒயின் திடீரென்று எகிறுகிறது. அப்படியானால் மக்கள் ஒரே வருடத்தில் நாக்கை மாற்றிக்கொண்டார்களா? இல்லை. அதில் பெரும்பகுதி போர்ச்சுகல் என்று எழுதி இறக்கப்பட்ட பிரெஞ்சு ஒயின். பதிவேட்டில் லிஸ்பன், கோப்பையில் போர்தோ. சார்ல்ஸ் லடிங்டன் தன் 'த பாலிடிக்ஸ் ஆஃப் ஒயின் இன் பிரிட்டன்' (2013) நூலில் இதை நன்றாக எடுத்துக்காட்டுகிறார். 'எந்த நாடு' என்ற பத்தியில் தப்பான மதிப்பு இருந்தால், அதன்மேல் எத்தனை அழகான கோடு வரைந்து என்ன பிரயோஜனம்?

இரண்டாவது, வரி ஒன்றுதான். ஆனால் அதற்கு எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. 1707இல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்தபோது ஆங்கிலேய வரி அங்கேயும் போனது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கள்ளக்கடத்தல், பொய்க்கணக்கு என்று எல்லா வழியிலும் கிளாரெட்டை இறக்கிப் பல பத்தாண்டுகள் குடித்தார்கள். லண்டன் பிரபுக்கள் வரியைக் கட்டிவிட்டே உசத்திக் கிளாரெட் குடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே பிரபுக்கள் போர்ட்டுக்கு மாறியது பணம் இல்லாமல் இல்லை. பிரான்சோடு ஓயாத போர் நடந்த காலம். போர்ட் என்றால் ஆண்மை, தேசப்பற்று என்று ஓர் அர்த்தம் ஏறியிருந்தது. இது லடிங்டனின் விளக்கம். நையின் கணக்கில் இந்த அர்த்தத்துக்கு இடமில்லை.

மூன்றாவது குறைதான் எனக்கு முக்கியம். 1860இல் பிரான்சோடு ஒப்பந்தம் போட்டு கிளாட்ஸ்டன் வரியைக் குறைத்தார். கேலனுக்கு 5 ஷில்லிங் 9 பென்ஸ் அளவில் இருந்தது முதலில் 3 ஷில்லிங் ஆகி, அப்புறம் லேசான ஒயினுக்கு 1 ஷில்லிங் ஆனது. மளிகைக் கடையிலேயே ஒயின் விற்கவும் உரிமம் கிடைத்தது. பிரெஞ்சு ஒயின் இறக்குமதி பல மடங்கு ஏறியது. சரி, இங்கிலாந்து ஒயின் குடிக்கும் நாடாகிவிட்டதா? 1870களின் நடுவில், உச்சத்தில்கூட, தலைக்கு வருடத்துக்கு ஏறத்தாழ அரை கேலன் ஒயின். பீர் முப்பது கேலனுக்கு மேல். பிறகு ஒயின் கோடு இறங்கிவிட்டது.

வரிதான் ரசனையை உண்டாக்கியது என்பதற்கு இது சான்று என்கிறார் நை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதே சான்று இன்னொன்றும் சொல்கிறது: உண்டான ரசனை, காரணம் போன பிறகும் தானே நிற்கும். மென்பொருளில் டிஃபால்ட் செட்டிங்கை யாரோ ஒருவர் ஏதோ அவசரத்துக்கு வைத்திருப்பார். பத்து வருடம் கழித்து மாற்றினால் பயனர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆரம்பத்தில் அது அவர்கள் விருப்பம் இல்லை. இப்போது அது நிஜமாகவே அவர்கள் விருப்பம். விளைவாக இருந்தது எந்த இடத்தில் காரணமாக மாறுகிறது என்பதுதான் புத்தகம் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி.

இது பழங்கதை இல்லை. 2015 ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலிய ஒயினுக்குச் சீனாவில் வரி படிப்படியாகக் குறைந்து 2019இல் பூஜ்யமானது. பிரான்சோடு முதலிடத்துக்குப் போட்டி போடும் அளவுக்கு விற்பனை வளர்ந்தது. 'சீனர்களுக்கு ஆஸ்திரேலிய சிவப்பு ஒயின் பிடித்துவிட்டது' என்றார்கள். அரசியல் உரசலுக்குப் பிறகு 2021 மார்ச்சில் 218 சதவீதம் வரை வரி. விற்பனை ஏறக்குறைய நின்றேபோனது. 2024 மார்ச்சில் வரி நீங்கியதும் ஒயின் திரும்பப் போனது, ஆனால் அதற்குள் சீனச் சந்தையே சுருங்கியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ரிவர்லேண்ட் போன்ற பகுதிகளில் சிவப்புத் திராட்சை விலை சரிந்து, விவசாயிகள் கொடிகளைப் பிடுங்கிப்போட்டார்கள். திராட்சைக் கொடி நட்டால் பலன் தர மூன்று நான்கு வருடம் ஆகும். வரியை ஒரே இரவில் மாற்றலாம். விற்பனைக் கோட்டை ரசனை என்று நம்பினால் நஷ்டம் வரைபடம் போட்டவருக்கு இல்லை, கொடி நட்டவருக்கு.

ஆகவே நையின் புத்தகத்தை வாசியுங்கள், லடிங்டனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வரி எப்படி வந்தது என்பதற்கு முதலாவது. அதற்கு மனிதர்கள் என்ன அர்த்தம் கொடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இரண்டாவது. அடுத்த தடவை 'மாறிவரும் ரசனை' என்று ஒரு கோடு கண்ணில் பட்டால், அதே வருடங்களுக்கான சுங்க வரி, நாணய மதிப்பு இரண்டையும் அதன் கீழே வரைந்து பாருங்கள். அவற்றால் விளக்க முடியாமல் மிஞ்சுவது எவ்வளவோ, ரசனையை அங்கேதான் தேட வேண்டும்.