ஆடும் பாம்பும் அதிரும் கிதாரும்

திருவனந்தபுரத்திற்கு வடகிழக்கே, வித்துராவைக் கடந்து அகத்தியமலைக்கு ஏறும் வழி தமிழ்ச் சித்தர் மரபின் நினைவு படிந்தது. அம்மாவட்டத்துச் செம்பழந்தியில் 1856இல் பிறந்த நாராயண குரு தமிழ் அறிந்தவர். தமிழிலும் பதிகம் பாடியவர். பாம்பாட்டிச் சித்தரின் விளியையே அவர் தம் குண்டலினிப்பாட்டில் ஏற்றார் எனல் தகும். அப்பாட்டை ‘அவியல்’ குழு, 2008இல் வெளிவந்த தன் முதல் இசைத்தொகுப்பின் எட்டுப் பாடல்களுள் ஒன்றாக்கியது. இதனை மேனாட்டு ராக் இசையின் நகல் என ஒதுக்குதல் பொருந்தாது. சித்தரிடம் செய்யுளின் இறுதியில் நின்ற விளி, குருவிடம் பல்லவியாய் முன்னே வந்துவிட்டது. ராக் இசைக்கு அம்மாற்றமே வாய்ப்பாயிற்று. மின்கிதாரின் சுழற்சி மகுடியின் பணியைச் செய்கிறது. எனினும் அப்பேரொலியில் சரணங்கள் அமிழ்ந்துபோகின்றன. பாம்பு குண்டலினியைக் குறித்தது என்பது புதிதாகக் கேட்பார்க்கு எட்டுவது அரிது.