எட்டுச் சக்கரத்துக்கு எந்த வண்டி?

நெய்வேலி ஆர்ச் கேட்டிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்துக்குப் பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம், ஒரகடம் வழியாக ஏறத்தாழ 190 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை, சேலம் என்று போனால் 330-க்கு மேல். டவுன்ஷிப்பில் ஒரு காரைத் தயார்செய்து டிராக் டேக்களுக்குக் கிளம்புகிறவர், மாற்றுச் சக்கரங்களை எதில் ஏற்றுவது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ஒரு குட்டி யானையைப் பிடி. டாடா ஏஸ் 2005-ல் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் எந்தச் சாமானுக்கும் அதுதான் பதில். ஆனால் ரேஸ் சக்கரம் என்கிற இந்தக் குறிப்பிட்ட சரக்குக்கு அது தோதான வண்டி இல்லை என்பது என் முடிவு. மூடிய வேனான மாருதி ஈக்கோ கார்கோ, சில கடுமையான நிபந்தனைகளோடு, அதைவிட மேல்.

முதலில் சரக்கைப் பார்ப்போம். 13 அங்குல ரிம்மில் 175/60 டயர் போட்டால் குறுக்களவு 54 சென்டிமீட்டர், அகலம் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். ரிம்மும் டயருமாக ஒன்று 12 முதல் 14 கிலோ வரும். காய்ந்த தடத்துக்கு ஒரு செட், மழைக்கு ஒரு செட் என்று எட்டு எடுத்துப் போனாலும் 112 கிலோவுக்குள் முடிந்துவிடும்; இரண்டு ஆள் எடைகூட இல்லை. முதலில் வந்த ஏஸ், 702 சிசி டீசல் எஞ்சினில் 750 கிலோ இழுக்கும் என்று சொல்லி விற்ற வண்டி. 2025 ஜூனில் 3.99 லட்சம் ரூபாய்க்கு வந்த ஏஸ் புரோவுக்கும் அதே 750 கிலோதான். எட்டுச் சக்கரம் அந்தக் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்கு. பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வெளியே வரும் ஏஸைப் பார்த்தால் பட்டை ஸ்பிரிங் படிந்து, வண்டி நிதானமாக உருளும். அந்தப் பாரத்துக்காகவே செய்த ஸ்பிரிங் அது. அதே வண்டி காலியாகத் திரும்பும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளும். எட்டுச் சக்கரம் ஏற்றிய ஏஸ், ஸ்பிரிங்கின் கணக்கில் காலி வண்டிதான். தளம் துள்ளும்போது அடுக்கு நகரும், கயிறு தளரும், ஒரு ரிம்மின் விளிம்பு பக்கத்து ரிம்மின் முகத்தை உரசும், ஒட்டு பேலன்ஸ் எடைகள் கழன்றுபோகும். பக்கச் சுவர் 30 சென்டிமீட்டர்தான். படுக்க வைத்து நான்கு அடுக்கினால் உயரம் 70 சென்டிமீட்டரைத் தாண்டும். சுவருக்கு மேலே நிற்கிற பாதிக்கும் மேற்பட்ட உயரத்தைத் தாங்கிப் பிடிப்பது கட்டுதான், வண்டி இல்லை.

ஈக்கோவில் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங். ஆள் ஏற்றும் வேனாக 2010-ல் வந்த வடிவம்தான் அடிப்படை என்பதால், இரண்டு ஆள் எடை அதற்குப் பழக்கமான பாரம். வெளி அகலம் 1,475 மில்லிமீட்டர்தான். உள்ளே சக்கர வளைவுகள் இரண்டு பக்கமும் இடத்தைத் தின்றுவிடும். அதனால் இரண்டு அடுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் பார்க்காமல், ஒன்றன்பின் ஒன்றாக நடுவில் வைப்பதே வசதி. பக்கவாட்டில் தள்ளும் கதவு வழியாக ஒன்று, பின்கதவு வழியாக மற்றது. ரிம் மாட்டிய டயரைக் காற்றோடு படுக்கவைத்து அடுக்கலாம். ரிம் இல்லாத வெறும் டயரைத்தான் நிறுத்திவைக்க வேண்டும். அடியில் இருக்கும் டயர் நசுங்கும் என்ற பயத்துக்கு இடமில்லை. மேலே இருப்பது மூன்று சக்கரம், 42 கிலோ. ஓடும்போது அந்த டயர் தாங்குவது காரின் கால்வாசி எடை. இடையிடையே ஒரு மடிப்புச் சாக்கு போட்டால் ரிம்மின் முகம் தப்பிக்கும்.

மூடிய வேன் வெயிலில் அடுப்பாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும். அதோடு ஈக்கோவின் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் முன்பக்க அடுக்குக்கு அந்தச் சூடும் சேரும். 28 டிகிரி காலையில் 28 பி.எஸ்.ஐ. வைத்த டயர், 48 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. கூடிவிடும். தடத்தில் ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசமே காரின் பிடியை மாற்றிவிடும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் மூடிய வேனில் எட்டுமே கிட்டத்தட்ட ஒன்றாகச் சூடாகும், இறக்கி நிழலில் வைத்தால் ஒன்றாக ஆறும். திறந்த ஏஸில் காலையில் வடக்கு நோக்கிப் போகும்போது வலப்பக்கச் சக்கரங்கள் கிழக்கு வெயிலை வாங்கும், இடப்பக்கத்தவை நிழலில் வரும். நான்கு டயரும் நான்கு சூட்டில் இருக்கும்போது காற்று சரிபார்ப்பது தவறான எண்ணை நான்கு முறை எழுதுவதுதான். தார்ப்பாய் போட்டால் இது ஓரளவு தீரும். 60 கிலோமீட்டர் வேகத்தில் படபடக்கிற தார்ப்பாய் தன் பங்குக்குக் கட்டைத் தளர்த்தும். எந்த வண்டியானாலும் காற்றை ஊரிலேயே சரிபார்த்துக் கொண்டுபோவதில் அர்த்தமில்லை, தடத்தில் ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். சூடும் வெயிலும் ரப்பரை இறுக்கும் என்பதை, நிலக்கரிச் சுரங்கத்தின் கன்வேயர் பெல்ட்டை வல்கனைஸ் செய்து ஒட்டுகிற ஆட்கள் இருக்கும் ஊரில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நான்கு மணி நேர வெயில் ஒரு டயரைக் கெடுத்துவிடும் என்று சொன்னால் அது மிகை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது புழுதி. நெய்வேலிச் சாலையில் சாம்பல் லாரிக்குப் பின்னால் போகும் திறந்த வண்டியில், ரிம் ஹப்பில் உட்காரும் முகத்தில் தூசி படியும். துடைக்காமல் மாட்டினால் ஓடும்போது நட்டின் இறுக்கம் குறையலாம்.

வாடகை ஏஸ் எந்தச் சந்தையிலும் கிடைக்குமே, எதற்காக ஒரு வண்டியை வாங்க வேண்டும் என்பது நியாயமான எதிர்வாதம். ஆண்டுக்கு ஒரு முறை போகிறவர் வாடகைக்கே போகலாம். அடிக்கடி போகிறவருக்குக் கணக்கு மாறும். பந்தய வாரம் பெரும்பாலும் வெள்ளி பயிற்சி, சனி, ஞாயிறு என மூன்று நாள். வாடகை ஏஸ் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும், இல்லையென்றால் காத்திருக்கும் கூலி ஏறும். பூட்டு போட்ட வேன் அந்த மூன்று இரவும் கிட்டங்கியாகிவிடும். திறந்த தளத்தில் எட்டு அலாய் சக்கரத்தை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர் அரிது. சட்டத்திலும் பெரிய தடை இல்லை. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்கு தருகிறது. சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. எஃப்.சி.யும் வணிக இன்சூரன்ஸும் மட்டும் தப்பாது. அவற்றைத் தவிர்க்க ஆள் ஏற்றும் ஈக்கோவை வாங்கி சீட்டைக் கழற்றிவிடலாம் என்று யோசிப்பவர்கள், வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய 52-வது பிரிவை ஒருமுறை படித்துவிட்டு யோசிக்கட்டும்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம் பாதுகாப்பு. 2016-ல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத ஈக்கோ பூஜ்ஜிய நட்சத்திரம் வாங்கியது. பிறகு ஏர்பேக்குகள் வந்தன, ஆனால் ஓட்டுநரின் கால்களுக்கு முன்னால் தகடு கொஞ்சம்தான் என்ற உடலமைப்பு மாறவில்லை. இதில் சரக்குப் பக்கம் கூடுதல் ஆபத்து உண்டு. 80 கிலோமீட்டர் வேகத்தில் 14 கிலோ சக்கரம் ஒன்று சுமக்கும் ஆற்றல், அதே சக்கரம் 25 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வேன் திடீரென நின்றால் அது நிற்காது. ஏஸில் கேபினின் பின்சுவர் குறுக்கே நிற்கும். வேனில் ஓட்டுநருக்கும் சரக்குக்கும் இடையே உறுதியான எஃகுத் தடுப்பு இல்லாவிட்டால் இந்த ஒப்பீடு அத்தோடு முடிந்துவிட வேண்டும், ஏஸே மேல். தடுப்பு இருந்தாலும் தரையில் போல்ட் போட்ட வளையங்கள் நான்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு வேண்டும். பெல்ட் மேலோடு போகக் கூடாது, நான்கு ரிம்களின் நடுத்துளை வழியாக இறங்கித் தரையைப் பிடிக்க வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஈக்கோவின் விலையைப் பார்க்க வேண்டும். சாதாரண நைலான் கயிறு வெயிலில் இழுபட்டு நீளும், அதை நம்பி நெடுஞ்சாலையில் போகாதீர்கள்.

அமெரிக்காவில் ஆட்டோகிராஸ் ஓட்டுகிறவர்கள் காருக்குப் பின்னாலேயே சின்ன டிரெய்லர் ஒன்றில் நான்கு டயரைக் கட்டி இழுத்துப் போவார்கள். பார்க்க அழகான யோசனை. இங்கே டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும், சின்னக் கார்களுக்கு இழுவை அளவைத் தயாரிப்பாளர் குறிப்பிடுவதும் அபூர்வம். கூரை கேரியரும் தேறாது. பல கார்களின் கையேடு அனுமதிப்பது 50 கிலோவை ஒட்டித்தான், அது நான்கு சக்கரத்துக்கே இழுபறி. ஒரே ஒரு செட் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. ஸ்விஃப்ட் அளவுள்ள காரில் பின்சீட்டை மடித்தால் நான்கும் உள்ளே போய்விடும்.

சாம்பியன்ஷிப்பில் டயர் தடத்திலேயே கிடைக்கிறதே என்பார்கள். உண்மைதான், தேசியப் பந்தயங்களில் ஒரே நிறுவனத்தின் டயர்தான். ஃபார்முலா 1-லும் பைரெல்லி ஓட்டுநருக்கு வழக்கமான வார இறுதிக்கு 13 செட் காய்ந்த தட டயர் கொடுத்து, தடத்திலேயே மாட்டியும் கொடுக்கிறது. ஆனால் அங்கும் ரிம்மை அணிதான் சுமந்து வருகிறது. டிராக் டேக்கோ டயர், ரிம் இரண்டும் ஓட்டுகிறவர் பொறுப்பு. ஏஸுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: பெட்ரோல் கேன். மூடிய வேனில், எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில், அதை ஏற்றவே கூடாது. வேனில் போகிறவர்கள் கேன் இல்லாமல் போய் ஸ்ரீபெரும்புதூர் பங்கில் காரின் டேங்கிலேயே நிரப்பிக்கொள்ளட்டும். கேனும் ஜெனரேட்டரும் கட்டாயம் வேண்டும் என்கிற அணிக்கு ஏஸ்தான் சரி. சக்கரங்களோடு ஐந்தாறு மணல் மூட்டையையும் தளத்தில் போட்டுக்கொண்டால் துள்ளலும் பாதி அடங்கும்.