எங்கே வலிக்கிறது?

தொலைக்காட்சிக்கு எதிரே சாய்வு நாற்காலியில் ஒரு கிழவர் உள்ளாடையோடு தூங்கிக் கிடக்கிறார். பக்கத்து வீட்டில் அலறும் பாட்டு அவரை எழுப்பிவிடுகிறது. தோல் தளர்ந்து, மார்புச் சதை சரிந்து, முகம் வீங்கியிருக்கிறது. கையில் மட்டையை எடுத்துக்கொண்டு சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டைக்குப் போகிறார். 2023 ஜூன் 30 அன்று வெளியான ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டயல் ஆஃப் டெஸ்டினி’ படத்தில் 1969ஆம் ஆண்டுக்குக் கதை வந்ததும் நாயகனை நாம் பார்ப்பது இப்படித்தான். 1981இல் சவுக்கும் தொப்பியுமாக உருண்டு வரும் பாறைக்கு முன்னால் ஓடிய அதே ஹாரிசன் ஃபோர்டு, படம் வெளிவந்தபோது 81ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்னால் இருந்தார். ‘எங்கள் இண்டியை இப்படியா காட்டுவது?’ என்று ரசிகர்கள் கேட்டார்கள். இந்த ஐந்தாவது, கடைசிப் படத்தைப் பற்றிய குறைகளில் பெரும்பகுதி அந்தக் கேள்வியிலிருந்துதான் கிளைக்கிறது. அந்த எதிர்வினையை மதித்தே எடைபோட வேண்டும். அதில் இரண்டு வெவ்வேறு மனத்தாங்கல்கள் கலந்து வருகின்றன. ஒன்று, படம் எங்களை வருத்தியது என்பது. மற்றது, படம் எங்களை ஏமாற்றியது என்பது. முதலாவதைக் குறை என்று சொல்ல முடியாது. இரண்டாவது நிச்சயம் குறை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘சொதப்பிட்டாங்க’ என்று எறியும்போது, படத்தின் மிகத் துணிச்சலான பகுதியும் அதன் மிகப் பெரிய கோழைத்தனமும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன.

வசூலைக் காட்டி இந்தப் பேச்சையே முடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஏறத்தாழ 30 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகமெங்கும் சுமார் 38 கோடி டாலர்தான் ஈட்டியது. தியேட்டர்காரர்களின் பங்கு போனால் கையைக் கடித்த கணக்குதான். மக்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள், இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி என்று கேட்கலாம். ஆனால் இதே தொடரின் நான்காவது படமான ‘கிங்டம் ஆஃப் த கிரிஸ்டல் ஸ்கல்’ 2008இல் 78 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. ரசிகர்கள் இன்றுவரை அதிகம் திட்டுவதும் அந்தப் படத்தைத்தான். அணுகுண்டுச் சோதனையில் நாயகன் ஃப்ரிட்ஜுக்குள் புகுந்து தப்பிக்கும் காட்சி, அத்துமீறலுக்கு உவமையாகவே நிலைத்துவிட்டது. ரோட்டன் டொமேட்டோஸ் தளத்தில் அதைப் பிடித்தது என்று சொன்ன பார்வையாளர்கள் பாதியைச் சற்றே தாண்டுகிறார்கள். கடைசிப் படத்துக்கு அந்த அளவு 90 விழுக்காட்டை நெருங்குகிறது. இரண்டு கணக்கும் ஒரே முறையில் எடுத்தவை அல்ல. 2019க்குப் பிறகு டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் கருத்தைத் தனியே எண்ணுகிறார்கள். அந்தத் தள்ளுபடியைக் கொடுத்த பிறகும் ஒன்று தெரிகிறது. வசூல் எத்தனை பேருக்கு வர ஆசை இருந்தது என்று சொல்லும். வந்தவர்கள் என்ன உணர்ந்து எழுந்தார்கள் என்பதை அது சொல்லாது. 2023இல் பலர் வரவே இல்லை. வராதவர்களின் மௌனத்தை வந்தவர்களின் வாயில் திணிப்பது நியாயமில்லை.

வந்தவர்களின் கருத்தும் ஒரே நாளில் உருவானதல்ல. மே 18 அன்று கான் திரைப்பட விழாவில் முதல் காட்சி நடந்தது. ஃபோர்டுக்குக் கௌரவத் தங்கப்பனை விருதும் அங்கேயே கொடுத்தார்கள். அன்றிரவு எழுதப்பட்ட மதிப்புரைகளில் பாதி குளிர்ந்து கிடந்தன. பொதுமக்கள் பார்க்க இன்னும் ஆறு வாரம் இருந்த நிலையில், ‘படம் சுமார்’ என்ற செய்தி படத்துக்கு முன்பே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. பிறகு வெளிவந்த அன்று, அமெரிக்கத் தியேட்டர் வாசலில் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் ‘பி பிளஸ்’ என்று பதிவு செய்தது. முதல் நாளே டிக்கெட் எடுப்பவர்கள் அநேகமாகப் பழைய ரசிகர்கள், தாராளமாகப் போடக்கூடியவர்கள். அவர்களிடமிருந்து வரும் ‘பி பிளஸ்’ ஒரு தயக்கத்தின் மதிப்பெண். பிடிக்கவில்லை என்று சொல்ல மனமில்லை, பிடித்தது என்று சொல்லவும் முழுமனமில்லை. அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ரசிகரின் நினைவாற்றலை இளக்காரமாகப் பேசும் பழக்கம் விமர்சகர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரு பாத்திரத்தோடு வாழ்ந்தவரின் கண்ணுக்கு, எந்தக் கருவிக்கும் அகப்படாதது அகப்படும். இந்தப் படத்தின் தொடக்கமே சான்று. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் நடக்கும் ஏறக்குறைய 25 நிமிடப் பகுதியில், லூகாஸ்ஃபிலிம் கிடங்கிலிருந்த பழைய காட்சிகளின் துணையோடு ஃபோர்டின் முகத்தை இளமையாக்கியிருக்கிறார்கள். முகம் கிட்டத்தட்டச் சரியாகவே வந்திருக்கிறது. ஆனால் அந்த முகம் வாயைத் திறந்ததும் எண்பதை எட்டிய தொண்டையின் கரகரப்பு வெளியே வருகிறது. நாற்பது வயது முகம், கிழவரின் குரல். சாதாரணப் பார்வையாளரும் வெளியே வந்து ‘என்னமோ ஒட்டலை’ என்றார், அது முற்றிலும் சரி. சண்டைக் காட்சிகள் பற்றிய முணுமுணுப்பும் அப்படியே. 1981இல் டெர்ரி லெனார்டு என்ற ஸ்டன்ட் கலைஞர் ஓடும் லாரிக்கு அடியில் மண்ணில் இழுபட்டுக்கொண்டு போனார். அந்தப் புழுதி பார்ப்பவரின் பல்லில் நறநறக்கும். 2023இல் டேன்ஜியர் நகரத் தெருக்களில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று துரத்தும் காட்சி நீண்டுகொண்டே போகிறது. சுவரில் மோதினாலும் எதற்கும் கனமில்லை, யாருக்கும் அடிபடும் என்ற பயமில்லை. முதல் படம் 115 நிமிடம், இது 154. கூடுதலான அந்த 39 நிமிடத்தில் பெரும்பகுதி இப்படிக் கனமற்ற ஓட்டம்தான். படம் ஏமாற்றியது என்ற மனத்தாங்கலுக்கு இங்கே முழு நியாயம் இருக்கிறது.

முதுமையைப் பற்றிய புகாருக்கு அந்த நியாயம் இல்லை. அந்தப் புகாரின் வலுவான வடிவம் இது: ஜார்ஜ் லூகாஸும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்கும் 1930, 40களின் சனிக்கிழமைத் தொடர்படங்களை மனதில் வைத்து உருவாக்கிய பாத்திரம் இண்டி, அது குதூகலத்துக்கான இடம், அங்கே இந்தப் படத்தைப் போல மணமுறிவுக் காகிதத்தையும் புத்திர சோகத்தையும் கொண்டுவந்து வைப்பது கல்யாணப் பந்தியில் ஒப்பாரி வைப்பது போல. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் முதல் படத்தைத் திரும்பிப் பாருங்கள். அந்தக் காலத்து மற்ற சாகச நாயகர்களிடமிருந்து இண்டியைப் பிரித்துக் காட்டியதே அவன் உடம்புக்கு வலிக்கும் என்பதுதான். பாம்பைக் கண்டால் நடுங்குவான். அடித்தால் சுருண்டு விழுவான். கப்பலில் காதலி மரியன் காயங்களைத் தொடத் தொடத் துடித்து, கடைசியில் வலிக்காத இடம் என்று முழங்கையையும் நெற்றியையும் காட்டி, முத்தத்தின் நடுவிலேயே தூங்கிப்போவான். அலுத்த உடம்பு முதல் நாளிலிருந்தே அவனுடைய அடையாளம். அந்த உடம்பு முதுமையைத் தொடும்போது சாய்வு நாற்காலியில்தான் இருக்கும். இயக்குநர் ஜேம்ஸ் மேன்கோல்டு பாத்திரத்தின் இயல்பை மீறவில்லை. அதைக் கடைசிவரை கொண்டுபோயிருக்கிறார். அதைப் பார்க்க வலிக்கிறது என்று ரசிகர் சொல்வது உண்மை. அந்த வலி படம் உண்டாக்க நினைத்த வலி.

பழையவை எல்லாம் பத்தரை மாற்றுத் தங்கம் என்ற அளவுகோலையும் உரசிப் பார்க்க வேண்டும். 1984இல் வந்த ‘டெம்பிள் ஆஃப் டூம்’ படத்துக்கு இந்திய அரசு படப்பிடிப்பு அனுமதி தரவில்லை. குழுவினர் இலங்கையில் கண்டியை ஒட்டிய பகுதிகளுக்குப் போனார்கள். விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவதும், காளியை நரபலி கேட்கும் தெய்வமாகக் காட்டுவதும் அந்தப் படத்தில்தான். நமக்குத் ‘தளபதி’யில் கலிவரதனாகத் தெரிந்த அம்ரிஷ் பூரி, அங்கே மோலா ராமாக உயிரோடு இருக்கும் மனிதனின் இதயத்தைக் கையால் பறித்தெடுப்பார். ஹாலிவுட் ரசிகர் ஏங்கும் பொற்காலத்தில் இதுவும் அடக்கம். இளமை, வேகம், கூச்சமில்லாத சாகசம் என்று அவர் நினைவில் வைத்திருப்பவற்றுக்கு இன்னொரு பக்கம் இருந்தது. நம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது தெரியும். நினைவு கூர்மையான கருவிதான், ஆனால் தனக்கு வேண்டாததை அது வெட்டி எறிந்துவிடும்.

இந்த எதிர்வினைக்குப் படைப்பாளிகள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் விஷயம் கனக்கிறது. லூகாஸ்ஃபிலிமே எடுத்த இன்னொரு கடைசிப் படம், 2019இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: த ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’. அதற்கு முந்தைய படமான ‘த லாஸ்ட் ஜெடாய்’, நாயகி ரே யாரோ பெயர் தெரியாதவர்களின் மகள் என்று சொல்லியிருந்தது. ஒரு பகுதி ரசிகர்கள் கொதித்தார்கள். 2019இல் ரே பேரரசன் பால்பட்டீனின் பேத்தி என்று மாற்றினார்கள். முந்தைய படத்தில் ரோஸ் பாத்திரத்தில் நடித்த கெல்லி மரி டிரான் ரசிகர்களின் வசைகளால் சமூக ஊடகத்தைவிட்டே விலகியிருந்தார். அவருடைய பாத்திரத்தைப் புதிய படத்தில் ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் அளவுக்குச் சுருக்கினார்கள். கூச்சல் போட்டவர்களுக்குக் கேட்டதெல்லாம் கிடைத்தது. படம் மட்டும் யாருக்கும் முழுதாகப் பிடிக்காமல் போனது. இதோடு இண்டியின் மகன் மட் கதையை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 2008இல் ஷயா லபஃப் நடித்த அந்த மட்டை ரசிகர்கள் பகிரங்கமாக வெறுத்தார்கள். 2023இல் வந்த படத்தில் அவன் வியட்நாம் போரில் செத்துப்போயிருக்கிறான். இதுவும் ரசிகருக்குப் பணிந்த வேலைதான் என்று சொல்லலாம், அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மேன்கோல்டு அதோடு நிற்கவில்லை. படகில் ஓர் இரவு, காலத்தில் பின்னோக்கிப் போக முடிந்தால் என்ன செய்வாய் என்று இண்டியோடு பயணிக்கும் ஹெலனா கேட்கிறாள். கிளியோபாட்ராவையோ டிராய் முற்றுகையையோ சொல்லாமல், என் மகன் படையில் சேர்வதைத் தடுப்பேன் என்று கிழவர் சொல்கிறார். அவன் சாவு தாய் மரியனை என்ன செய்யும், அவளைத் தேற்றத் தெரியாமல் தகப்பன் எப்படி அவளையே இழப்பான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார். மட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது அவனுக்காக ஒரு தகப்பன் அழுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐந்து படங்களிலும் ஃபோர்டு இவ்வளவு நன்றாக நடித்த இடம் வேறில்லை.

ஹெலனா பற்றிய வசவுகளை அதிகம் பேச வேண்டியதில்லை. ஃபீபி வாலர்-பிரிட்ஜ் நடித்த அந்தப் பாத்திரம் பேராசைக்காரியாக வந்து பாசக்காரியாக மாறுவதற்கு நடுவே போதிய படிகள் இல்லை. அது எழுத்தின் பிழை. பெண் ஒருத்தி நாயகனை அதட்டுகிறாள் என்பதற்காகக் கோபப்பட்டவர்கள், மரியன் முதல் படத்தில் இண்டியைச் சந்தித்ததும் என்ன செய்தாள் என்பதை மறந்துவிட்டார்கள். விட்டாள் ஒரு குத்து.

ஆனால் ஹெலனா விடும் ஒரு குத்து இருக்கிறது. அங்கேதான் படம் தோற்கிறது. தலைப்பில் வரும் டயல், காலத்தைத் தாண்டிக் கொண்டுபோகும் ஆர்க்கிமிடீஸின் கருவி, அவர்களை ரோமானியர் முற்றுகையிட்ட சிரக்கூசுக்குக் கொண்டுபோய் விடுகிறது. குண்டுக் காயத்தோடு கிடக்கும் இண்டி, வாழ்நாளெல்லாம் படித்த காலத்தைக் கண்ணெதிரே பார்க்கிறார். இங்கேயே இருந்துவிடுகிறேன், என்னை விட்டுவிடு என்று கெஞ்சுகிறார். ஹெலனா முகத்தில் குத்துகிறாள். திரை இருள்கிறது. கண் திறந்தால் நியூயார்க் படுக்கை. ரசிகர்கள் இங்கே இரண்டாகப் பிரிந்தார்கள்: அங்கேயே விட்டிருக்கலாம் என்றவர்கள் ஒரு பக்கம், வீடு திரும்பியதுதான் சரி என்றவர்கள் மறுபக்கம். முடிவு எது என்பதில் நான் இரண்டாவது தரப்போடு நிற்கிறேன். வரலாற்றுக்குள் ஒளிந்துகொள்வது துக்கத்திலிருந்து ஓடுவதுதான். ஆனால் அந்த முடிவு எடுக்கப்படும்போது அதற்கு உரியவர் மயங்கிக் கிடக்கிறார். 1989இல் ‘லாஸ்ட் குரூசேட்’ முடிவில், பிளவின் விளிம்பில் தொங்கிக்கொண்டு இண்டி புனிதக் கிண்ணத்துக்குக் கை நீட்டுவான். விரல்நுனி படும் தூரம். அதுவரை ஜூனியர் என்றே அழைத்த அப்பா, முதன்முறையாக அவன் விரும்பிய பெயரைச் சொல்லி, விட்டுவிடச் சொல்வார். அவன் விடுவான். கிண்ணத்தைத் தானே விட்டதால்தான் அந்த நாயகன் அன்று வளர்ந்தான். 34 ஆண்டுகள் கழித்து, அதைவிடப் பெரிய ஒன்றை விட வேண்டிய நேரத்தில், தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள். கிழவரின் துக்கத்தை இரண்டரை மணி நேரம் நேராகப் பார்த்த படம், அவர் அந்தத் துக்கத்தைத் தாண்டும் ஒரு கணத்தை மட்டும் பார்க்கப் பயந்துவிட்டது. வாசலில் அட்டை எழுதியவரின் தயக்கத்துக்கு இந்த இடம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அவரைக் கேட்டால் வயதைத்தான் சொல்லியிருப்பார், நீளத்தைச் சொல்லியிருப்பார், ஹெலனாவைச் சொல்லியிருப்பார்.

அதற்குப் பிறகு வரும் சில நிமிடங்கள் இன்னும் வருத்தத்தைக் கூட்டுகின்றன, ஏனென்றால் அவை அத்தனை நன்றாக இருக்கின்றன. மளிகைப் பையோடு மரியன் உள்ளே வருகிறாள். கேரன் ஆலனுக்கும் முடி நரைத்திருக்கிறது. கப்பலில் நடந்த பழைய விளையாட்டு திரும்ப வருகிறது, இடம் மட்டும் மாறியிருக்கிறது. எங்கும் வலிக்கிறது என்று சொல்பவள் இப்போது அவள். எங்கே வலிக்கவில்லை என்று கேட்பவர் அவர். அவள் முழங்கையைக் காட்டுகிறாள். மகனை இழந்த இரண்டு பேர் வலிக்காத இடத்தைத் தேடி ஒருவரையொருவர் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். வெளியே, துணிக்கொடியில் காயும் தொப்பியை ஒரு கை வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்கிறது.